ஒன்பது கிலோமீட்டர் குறைகிறது

முப்பத்தோரு வருடம் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்த மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? மீட்டர்காரர் என்றுதான் கூப்பிட்டது. அவர் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேர் ஓய்வு பெறவில்லை. மருந்துக்கடைக்காரர் முதல் மாடி வீட்டுக் குழந்தைகள் வரை எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். மனைவிக்கு மட்டும் 'என்னங்க'.

வேலை என்னவோ சுலபமானதுதான். வாசலில் இருக்கும் குழியின் மூடியைத் தூக்க வேண்டும், குனிந்து எண்ணைப் படிக்க வேண்டும், போன மாத எண்ணைக் கழிக்க வேண்டும். நாய் கடிக்காவிட்டால் அடுத்த வீடு. ஆனால் முப்பத்தோரு வருடம் இதையே செய்தால் மனிதனுக்கு ஒரு புத்தி வந்து ஒட்டிக்கொள்கிறது. எதைப் பார்த்தாலும் எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மிச்சம் என்றுதான் தோன்றும். அவர் பற்பசையை அழுத்துவதைப் பார்த்தால் பற்பசை மேல் நமக்கே பரிதாபம் வரும். எரிவாயு உருளையை ஒரு கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒன்பது நாள்" என்பார். பத்தாம் நாள் காலை டீ கொதிப்பதற்குள் அடுப்பு அணைந்துவிடும். இந்த மாதிரி விஷயத்தில் அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அதுதான் மனைவிக்கு எரிச்சல்.

இப்படிப்பட்டவர் பழைய சொகுசு எஸ்யூவி ஒன்றை வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் தெருவே மூக்கின் மேல் விரலை வைத்தது.

ஆடம்பரத்துக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை அவர். எல்லாம் மனைவியின் இடுப்பால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். புது மூட்டு நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் காலை உயரத் தூக்கவும் கூடாது, தாழ்வாக உட்காரவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேருந்துப் படி உயரம், வாடகைக் கார் தாழ்வு. ஒருமுறை எப்படியோ வாடகைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே எடுக்க நான்கு பேர் தேவைப்பட்டது. அதில் ஒருவர் வழியோடு போன தபால்காரர். அன்றைக்கே அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே என்னைக் கார்ல ஏத்தணும்னா முதல்ல கதவைக் கழட்டி வெச்சுட்டுக் கூப்பிடுங்க."

அவளுக்குப் போக வேண்டிய இடமும் ஒன்றே ஒன்றுதான். நானூற்று ஆறு கிலோமீட்டர் தள்ளி, ரயில் போகாத ஒரு மலை ஊரில் அவளுடைய அக்கா தனியாக இருந்தாள். அக்காவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. அது நடுவிலிருந்து போகிற நோய். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறைந்துவிடும், ஓரத்தில் இருப்பது தெரியும். மெதுவாகத்தான் போகும், ஆனால் நிறுத்த முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அக்கா போன் செய்வாள். அவள் சொல்லும் விதத்தைக் கேட்டால், யாரோ பக்கத்து வீட்டுக்காரிக்கு நடப்பதைச் சொல்வது போலிருக்கும்.

"டிவில செய்தி வாசிக்கிறாளே ஒருத்தி, அவளுக்கு மூக்கே இல்லடி. மூக்கில்லாம எப்படி மூச்சு விட்டுக்கிட்டு இவ்வளவு செய்தி வாசிக்கிறாளோ!"

"அக்கா, விளையாடாத."

"முழுசா போறதுக்குள்ள ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போடி. அப்புறம் நீ வந்தாலும் ஒண்ணுதான், உன் வீட்டுக்காரர் வந்தாலும் ஒண்ணுதான்."

ஓய்வு பெற்றபோது மொத்தமாகக் கையில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு மீட்டர்காரர் வண்டி தேடினார். எதிர்ப் பட்டறை மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மனைவியை மெதுவாக ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டு பதினொரு பழைய கார் கடைகள் ஏறி இறங்கினார். எல்லா வண்டியும் மனைவிக்கு ஒன்று உயரம், இல்லையென்றால் தாழ்வு. பன்னிரண்டாவது கடையில் கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒரு பெரிய கறுப்பு வண்டியின் அருகே போய், கதவுப் பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினார். வண்டி 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு சாண் கீழே இறங்கியது. மனைவி திரும்பி நின்று, இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டாள். யாரும் கை கொடுக்கவில்லை. அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து இரண்டு வருடம் ஆகிறது என்பது மீட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இதைத்தான் வாங்குவது என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டார். ஆனால் விற்பனையாளருக்கு அது தெரியக் கூடாது என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்னு கேட்பீங்க சார். நானே சொல்லிடறேன்..."

"அதெல்லாம் வேணாம். மீட்டரைக் காட்டுங்க."

மீட்டரில் தொண்ணூற்று ஒன்பதாயிரத்து நூற்று இருபத்தொன்று.

மீட்டர்காரர் உடனே நம்பிவிடவில்லை. கால்மிதியின் ரப்பரைத் தடவினார், ஸ்டியரிங்கின் வழவழப்பைப் பார்த்தார், ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தை மோந்து பார்க்காத குறையாக ஆராய்ந்தார். சர்வீஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"திருப்பி வெச்சிருப்போம்னு பார்க்கிறீங்களா சார்?" என்றார் விற்பனையாளர், கொஞ்சம் மனம் நொந்து.

"தம்பி, மீட்டர்ல காந்தம் வெச்சவனைப் பார்த்திருக்கேன், ஊசி சொருகினவனைப் பார்த்திருக்கேன். நான் வர்ற நாள்ல மூடி மேல நாற்காலி போட்டு மாமியாரை உட்கார வெச்சவனையும் பார்த்திருக்கேன். இந்த மீட்டர் யோக்கியமான மீட்டர்."

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். "வண்டி சுத்தமா இருக்கு சார். ஆனா மண்டி போடற வண்டிக்கு முட்டியிலதான் பிரச்சினை வரும். நாலு சக்கரத்துக்கும் மேல வண்டியைத் தாங்கற நாலு ரப்பர் காத்துப்பை இருக்கு. ஒண்ணு போனாலும் வண்டி படுத்துடும். மாத்தற காசுக்குச் சின்னதா ஒரு காரே வாங்கிடலாம். பேசாம பக்கத்துல நிக்குதே, அதை எடுங்க. முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கு, மூணு வருஷம் வாரண்டி இருக்கு."

"அது மண்டி போடுமா?"

"போடாது."

"அப்ப அது எதுக்கு?" என்றார் மீட்டர்காரர். பிறகு விற்பனையாளர் பக்கம் திரும்பி, "இதுக்கு வாரண்டி எதுவரைக்கும்? காத்துப்பையும் சேர்த்தியா?" என்று கேட்டார்.

"காத்துப்பை சேர்த்திதான் சார். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும், இல்லேன்னா ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும். எது முதல்ல வருதோ அது." கடைசி வார்த்தைகளை விற்பனையாளர் வாய்க்குள்ளேயே சொன்னார். ஒரு லட்சத்துக்கு இன்னும் எண்ணூற்று எழுபத்தொன்பது கிலோமீட்டர்தான் பாக்கி. அதைக் கேட்டு ஏற்கெனவே நான்கு பேர் ஓடிப்போயிருந்தார்கள்.

மீட்டர்காரர் ஓடவில்லை. அவர் முகம் மலர்ந்தது. அக்கா வீட்டுக்குப் போக நானூற்று ஆறு, வர நானூற்று ஆறு, மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு. போய்விட்டு வந்தாலும் அறுபத்தேழு மிச்சம்! வாரண்டி என்கிற பாத்திரத்தில் தனக்கு வேண்டிய தண்ணீர் அளந்து வைத்திருப்பதாகவே அவர் நினைத்தார். அன்றைக்கே வாங்கிவிட்டார்.

பாத்திரம் ஒழுகும் என்பது அவருக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. கடையிலிருந்து வீட்டுக்குப் பதினெட்டு. பெட்ரோல் போட்டு வர ஆறு. "இடது பக்கம் ஏதோ சத்தம் கேக்குது, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்" என்று மெக்கானிக் எடுத்துப்போனதில் பதினான்கு. அவர் வழியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தது வேறு விஷயம். டீக்கடை நேர்வழியில் இல்லை என்பதுதான் மீட்டர்காரரின் வயிற்றெரிச்சல். கடைசியில் பேர் மாற்றும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டச் சொல்லி. போக வர முப்பத்தெட்டு. வீட்டுக்கு வந்து, வாரியத்தில் இருந்தபோது வைத்திருந்த மாதிரியே ஒரு நீளமான நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிச்சம் எண்ணூற்று மூன்று. தேவை எண்ணூற்றுப் பன்னிரண்டு.

ஒன்பது கிலோமீட்டர் குறைந்தது.

இன்னொருவராக இருந்தால் "கிடக்குது போ" என்று கிளம்பியிருப்பார். மீட்டர்காரரால் முடியவில்லை. திரும்பி வரும்போது கடைசி ஒன்பது கிலோமீட்டரில்தான் காற்றுப்பை வெடிக்கும் என்று அவருக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது. எங்கே வெடிக்கும் என்றுகூடச் சொல்லியிருப்பார்: ஊருக்கு வெளியே, மரப்பட்டறைக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவில்.

அன்று முதல் வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை. மாடி வீட்டுக் குழந்தைகள் ஒரு சுற்று கேட்டார்கள், விரட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் தன் சம்பந்தியைப் பேருந்து நிலையத்தில் விட ஆசைப்பட்டார். மீட்டர்காரர் தன் சைக்கிளைக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிக்குள் உட்கார்ந்து மீட்டரைப் படித்து நோட்டில் எழுதினார். தினமும் அதே எண்.

"நாம தூங்கறப்ப அது தானா எங்கயாவது போயிட்டு வந்துடும்னு பார்க்கிறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் சும்மா இருந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டுப்போன வண்டிகளை லாரியில் ஏற்றி வருபவர்களுக்குப் போன் செய்தார்.

"வண்டி என்ன ரிப்பேர் சார்?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. நல்லா ஓடும்."

"அப்புறம் எதுக்கு லாரி?"

"கடைசி ஒன்பது கிலோமீட்டர் அது ஓட வேணாம்னு பார்க்கிறேன்."

மறுமுனையில் யாரோ இன்னொருவரைக் கூப்பிட்டு, "நீ கேளு, எனக்குப் புரியல" என்றார்கள். பிறகு போனை வைத்துவிட்டார்கள்.

வாரண்டியை நீட்டிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குக் கம்பெனிப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். போக வர நாற்பத்தாறு. காட்டிய பிறகு அவர்கள் மறுத்துவிட்டால் ஒன்பது என்பது ஐம்பத்தைந்தாகிவிடும். மீட்டர்காரர் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனார். பட்டறைப் பெண் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வண்டி எங்க சார்?" என்றாள். "வண்டியைக் காப்பாத்தத்தானே நான் பஸ்ல வந்திருக்கேன்" என்றார் அவர். அவள் ஒரு படிவம் கொடுத்து, எழுதிப் போடச் சொல்லி அனுப்பிவிட்டாள். எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை பத்து மணிக்கு வழக்கம்போல போன் வந்தது. கொட்டகையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மீட்டர்காரருக்கு ஜன்னல் வழியாக, ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது.

"இப்ப அந்த நியூஸ்காரிக்கு வாயும் போயிடுச்சுடி. வெறும் முடி மட்டும் செய்தி வாசிக்குது."

மனைவி சிரிக்கவில்லை. சரி அக்கா, சரி அக்கா என்று இரண்டு முறை சொல்லிவிட்டு போனை வைத்தாள். அடுத்த வாரம் கண்டிப்பாக ஒரு முடிவு செய்துவிட வேண்டும் என்று மீட்டர்காரர் நினைத்துக்கொண்டு இன்னொரு பக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். போன வாரமும் இதையேதான் நினைத்தார்.

கால் மணி நேரம் கழித்து மனைவி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். ஆணியில் தொங்கிய சாவியையும் எடுத்து வந்திருந்தாள். பொத்தானை அழுத்தினாள். வண்டி பெருமூச்சு விட்டு இறங்கியது. ஏறி உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பி, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

"என்ன இது? இறங்கு. இன்னும் ஒரு வாரம் பொறு. எழுதிப் போட்டிருக்கேன்."

"இறங்க மாட்டேன்."

"ஒன்பது கிலோமீட்டர் குறையுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"போறதுக்குப் போதும்ல?"

"போறதுக்குப் போதும். வர்றதுக்குத்தான்..."

"நான் வரல. என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க. கடைசி ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வருவீங்களோ, தலையில தூக்கிக்கிட்டு வருவீங்களோ, அது உங்க பாடு."

கொஞ்ச நேரம் கெஞ்சினார், கொஞ்ச நேரம் கத்தினார், கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். யாரும் சமாதானப்படுத்த வராததால் அவரே வெளியே வந்தார். அதற்குள் கொட்டகையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாடி வீட்டம்மா மனைவிக்கு டீ கொண்டுவந்து கொடுத்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்துவிட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளில் போன சம்பந்தியை அவர் மறக்கவில்லை போலும். மெக்கானிக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"சார், ரெண்டு மாசமா நிறுத்தியே வெச்சிருக்கீங்களா? காத்துப்பை ரப்பர் ஓடினாத்தான் சார் நல்லாயிருக்கும். இப்படியே நின்னா விரிசல் விட்டுடும்."

மீட்டர்காரருக்கு இது பேரிடி. மிச்சம் பிடிப்பதால் ஒன்று கெடும் என்பதை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்கிறார். பற்பசை அப்படிக் கெட்டதில்லை. இருந்தாலும் தெருவின் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வராமல், மனைவியின் ஜன்னல் பக்கம் குனிந்து, தணிந்த குரலில், "வாரண்டி இல்லாம எதையும் நம்பி இறங்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்" என்றார்.

மனைவி டீத் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எங்கக்கா கண்ணுக்கு எவ்வளவு வாரண்டி இருக்கு? அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்."

அவர் நிமிர்ந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

வாரியத்து ஜீப்பை ஓட்டிப் பழகிய கை. பத்திரமாகவே ஓட்டினார். வளைவுகளில் உள்பக்கமாக ஒட்டி ஓட்டினால் சில மீட்டர்கள் மிச்சமாகும் என்று பார்த்தார். எதிரே லாரி வந்ததும் அந்தச் சிக்கனத்தைக் கைவிட்டார். மலையடிவாரத்தில் பாலம் வேலை நடப்பதாகச் சொல்லிச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள். ஒன்பது என்பது இப்போது பதினான்காகிவிட்டது என்று மனத்துக்குள் கழித்துப் பார்த்தார். பக்கத்தில் மனைவி கண்ணாடியை இறக்கிவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு பாட்டைச் சரியாகப் பாடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் எண்ணை வெளியே சொல்லவில்லை.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். வண்டி இறங்கியது, மனைவி இறங்கினாள். அக்கா அவளை நேராகப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோழி பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். தங்கையின் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"காது தெரியுது. முடி வெளுத்துப்போச்சு. தாடை... ஆங், தாடை இங்க இருக்கு." அக்கா சிரித்தாள். "நடுவுலதான் காணோம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடின்னா முழு மூஞ்சியும் பார்த்திருப்பேன். கிட்ட வெச்சுப் பார்த்தா அப்ப எல்லாம் தெரிஞ்சுது. சரி விடு, வந்துட்டியே."

பையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற மீட்டர்காரருக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. இரண்டு மாதம். அதே எண்ணை அறுபது நாள் நோட்டில் எழுதியிருந்தார். யாராவது தன்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. மனைவி திட்டவில்லை. அக்காவுக்கு எதுவும் தெரியாது. வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

உள்ளே உட்கார்ந்து டீ குடித்தார்கள். தங்கையின் கையைப் பிடித்தபடியே இருந்த அக்கா திடீரென்று அவர் இருந்த பக்கம் காதைத் திருப்பினாள்.

"மாப்ள, நீங்க வாழ்நாள் பூரா இருட்டுக் குழியில குனிஞ்சு பொடி எழுத்தெல்லாம் படிச்சவரு. எனக்குத் தெரியாத இடத்தைப் படிச்சுச் சொல்லுங்க. இவ மூஞ்சி எப்படி இருக்கு?"

"எப்படின்னா... நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"அப்படிச் சொன்னா எப்படி? நல்லா பார்த்துச் சொல்லுங்க."

மீட்டர்காரர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். மனைவி, "போதும் அக்கா, அவரை விடு" என்று கூச்சத்தோடு முகத்தைத் திருப்பினாள். அக்கா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு" என்றார் அவர்.

"அது நான் தள்ளிவிட்டது. அப்புறம்?"

"மூக்குல கண்ணாடி அழுத்தின தடம். ரெண்டு பக்கமும். நெத்தியில மூணு கோடு."

"மூணா? எனக்கே ரெண்டுதான். அப்புறம்?"

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "கண்ணுக்குக் கீழ கறுத்திருக்கு." பிறகு அக்கா பக்கம் திரும்பிச் சொன்னார்: "அது முன்னாடி கிடையாது அண்ணி. இந்த ரெண்டு மாசத்துல வந்தது. என்னாலதான் வந்தது."

அக்காவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, ஏன் என்று கேட்கவில்லை. "நிறுத்தாதீங்க மாப்ள, எனக்கு முழுசும் வேணும்" என்றாள்.

மேற்கொண்டு சொல்வதற்காக அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதையும் சொல்லலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.